94 ஸ்லைடும் ஒரே ஒரு பொம்மையும்: டர்பனில் காவடிக்கு முன் முதலுதவி சொல்லிக்கொடுத்தபோது பட்ட பாடு

மூன்று மணி நேர வகுப்பு முடிந்ததும் முன்வரிசைப் பையன் ஒருவனை அழைத்தேன். தரையில் கிடந்த பயிற்சிப் பொம்மையைக் காட்டி, "தம்பி, இவர் விழுந்துட்டார், மூச்சு இல்லை, பக்கத்துல நீ மட்டும்தான் இருக்கே. என்ன செய்வே?" என்று கேட்டேன். அவன் பொம்மையின் வயிற்றில் கையை வைத்து மாவு பிசைகிற மாதிரி மெதுவாக அமுக்கினான். நெஞ்சில் எங்கே கை வைக்க வேண்டும் என்று 31-ஆவது ஸ்லைடில் இருந்து 38-ஆவது ஸ்லைடு வரை விளக்கியிருந்தேன். நல்ல பையன், தூங்கக்கூட இல்லை. தப்பு அவனுடையது இல்லை என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

இது 2023 ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபம். தைப்பூசக் காவடிக்கு வரும் தொண்டர்கள் 42 பேருக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கும்படி கேட்டிருந்தார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்வது வேறு, அதைச் சொல்லிக்கொடுப்பது வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பொம்மை வாடகை 650 ராண்ட், புரொஜெக்டர் 800, தலைக்கு 38 ராண்ட் வீதம் 50 கையேடு அச்சடித்தது 1,900. மொத்தம் 3,350 ராண்டும், ஸ்லைடு செய்ய உட்கார்ந்த மூன்று வார இரவுகளும் போயின. கையேடுகளில் பாதி அன்று மாலை நாற்காலிகளின் மேலேயே கிடந்தன. தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டதால் எல்லாரும் குனிந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், மேலே யாரும் பார்க்கவில்லை. கையேடு கொடுப்பதானால் கிளம்பும்போது வாசலில் கொடுங்கள். ஒரே ஒரு தாள் போதும்.

முதலில் போட்டிருக்க வேண்டியது ஒரு கணக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் தொடர்ந்து நெஞ்சை அமுக்கும் நேரம் 2 நிமிஷம். அதற்கு மேல் போனால் அமுக்குபவருக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும், அதனால்தான் ஆள் மாற்றச் சொல்கிறோம். பயிற்சியிலும் ஒவ்வொருவருக்கும் முழு 2 நிமிஷம் வேண்டும். எழுந்து அடுத்தவர் மண்டியிட இன்னொரு நிமிஷம். 42 பேர், ஒரு பொம்மை என்றால் 126 நிமிஷம். நான் செய்முறைக்கு ஒதுக்கியிருந்தது கடைசி 25 நிமிஷம். ஒன்பது பேர் தொட்டார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வகுப்பைத் திட்டமிடும்போது எத்தனை விஷயம் சொல்லப் போகிறோம் என்று பார்க்காமல் ஒவ்வொரு கையும் எத்தனை நிமிஷம் நெஞ்சின் மேல் இருக்கும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மீதி நேரம்தான் பேச்சுக்கு. ஆறு பேருக்கு ஒரு பொம்மை, ஒரு சொல்லிக்கொடுப்பவர் என்பது நடைமுறையில் சரிப்படும் அளவு.

ஸ்லைடுகளின் கதை தனி. சிலவற்றைத் தட்டச்சு செய்து உதவிய நண்பர், யூனிகோடுக்கு முந்தைய ‘பாமினி’ என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தார். மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. திரையில் தமிழ் வர வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி வந்தது. யூனிகோடில் அடியுங்கள், அடித்ததையும் பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துப் போங்கள். ஆனால் எழுத்து சரியாக வந்திருந்தாலும் என்ன பயன்? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுகிறார்கள். பேச்சுத் தமிழ் புரிகிற சில ஆயாமார்களுக்கும் எழுத்து தெரியாது. யார் வரப்போகிறார்கள், எதை வாசிப்பார்கள் என்று ஒரு போன் செய்து கேட்டிருந்தால் 94 ஸ்லைடில் 85 பிறந்தே இருக்காது.

சரியாக 2 மணிக்கு மின்சாரம் போனது. அது லோட்ஷெடிங் (பகுதி பகுதியாக முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) காலம், அட்டவணை கைப்பேசியிலேயே இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை. புரொஜெக்டர் அணைந்ததும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் மடிக்கணினியைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்து, பின்வரிசைக்கு எதுவும் தெரியாத நிலையில் மீதி ஸ்லைடுகளை வாசித்தேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. மின்சாரம் இல்லாமல் எடுக்க முடியாத வகுப்பு, முதலுதவிக்குப் பொருந்தாத வகுப்பு.

தைப்பூசத்துக்கு முந்தைய ஞாயிறு இரண்டாவது வாய்ப்பு கேட்டேன். குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை சினிமா வேண்டாம் அம்மா" என்றார். 36 பேர் வந்தார்கள். ஐந்து பேரை மட்டும் முன்னதாக ஒரு மாலை இரண்டு மணி நேரம் தனியாகப் பழக்கி வைத்திருந்தேன். என்னோடு சேர்த்து ஆறு குழுவுக்கு ஆறு பேர் ஆனோம். வாடகைப் பொம்மை இரண்டுதான். மற்ற குழுக்களுக்கு 2 லிட்டர் கூல்டிரிங் பாட்டில். காலி பாட்டிலின் மூடியை நன்றாக இறுக்கி, பழைய டி-ஷர்ட்டுக்குள் நெஞ்சு இருக்கும் இடத்தில் படுக்க வைத்து, உருளாமல் இருக்க இரு பக்கமும் துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டும். பாட்டிலின் குறுக்களவு சுமார் 11 செ.மீ. பாதி வரை அமுங்கினால் ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பெரியவர்களுக்கு வேண்டிய ஆழம் 5 முதல் 6 செ.மீ. என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது. கையைத் தளர்த்தியதும் பாட்டில் தானே எழும்பும். நெஞ்சும் அப்படி முழுதாக எழும்பினால்தான் இதயத்தில் ரத்தம் மறுபடி நிறையும் என்பதை அது வாய் திறக்காமல் சொல்லிவிடும். மூடி லேசாகத் தளர்ந்திருந்தால் பாட்டில் சப்பிப்போகும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன் மூடியைத் திருகிப் பாருங்கள். தலையைச் சாய்த்து மூச்சு கொடுப்பதைப் பாட்டிலில் பழக முடியாது, அதற்கு மட்டும் உண்மைப் பொம்மை வேண்டும்.

சொல்லிக்கொடுத்த முறை பெய்டன் என்ற அறுவை மருத்துவர் பெயரால் வழங்கும் நான்கு படி முறை. முதல் படியில் நிஜ வேகத்தில், ஒரு வார்த்தை பேசாமல் செய்து காட்ட வேண்டும். இரண்டாவதில் மெதுவாக, ஒவ்வொன்றையும் ஏன் என்று விளக்கிக்கொண்டே. மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல நாம் செய்வது. நான்காவதில் மாணவர் சொல்லிக்கொண்டே தானே செய்வது. கேட்க எளிது. நடைமுறையில் முதல் படியில் வாயை மூடுவதுதான் மிகக் கடினம், "இப்போ பாருங்க, நான் என்ன பண்றேன்னா" என்று நாக்கு துடிக்கும். மூன்றாவது படியை நேரம் இல்லை என்று எல்லாரும் தாண்டிவிடுவார்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. "நெஞ்சை அமுக்குங்க" என்று மாணவர் சொன்னதும் நான் தோளில் கை வைத்தேன். "இல்ல, நடுவுல!" வயிற்றுக்கு அருகே கொண்டுபோனேன். "மேல, மேல, எலும்பு மேல!" சொன்னதை அப்படியே, கொஞ்சம் அசட்டுத்தனமாகச் செய்ய வேண்டும். தப்பு வாயிலேயே பிடிபட்டுவிடும், கைக்குப் போகாது. முதல் வகுப்பில் வயிற்றை அமுக்கிய பையன் இங்கேதான் திருந்தினான். மார்பெலும்பின் கீழ்ப்பாதி, நெஞ்சின் நடு என்று அவனே என்னைத் திருத்தினான்.

வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120. இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று வரை வேகம் சரியாகப் போகும். "இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்று வரும்போது சொல் நீண்டு கையும் அதோடு மெதுவாகிவிடும். எண்ணுபவர் மூச்சு வாங்குவதால் அப்படி ஆகிறது என்று நினைத்தேன், கடிகாரம் வைத்துப் பார்த்தபிறகுதான் காரணம் பிடிபட்டது. பத்து வரை மூன்று முறை எண்ணச் சொல்லுங்கள். 30 அமுக்கல் 15 முதல் 18 விநாடிக்குள் முடிந்தால் வேகம் சரி. கோயில் மேளக்காரரை அழைத்து நிமிஷத்துக்கு 110 தட்டு வைக்கச் சொன்னோம். முதலில் கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமோடு ஒத்துப்பார்த்துக்கொண்டார், பிறகு இம்மி பிசகவில்லை. இரண்டு நிமிஷம் அந்தத் தாளத்தில் ஆறு குழுவும் ஒரே நேரத்தில் அமுக்கிய சத்தம் கேட்டு மடப்பள்ளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டி வந்துவிட்டது, முழங்கை தானாக நேரானது.

முழங்கை மடிவதுதான் அடிக்கடி வரும் தப்பு. தோள் நேர் மேலே இல்லாவிட்டால் கைத்தசை சோர்ந்துவிடும், உடம்பு எடை இறங்காது. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து மண்டியிடச் சொன்னால் பாதி சரியாகிவிடும். அடுத்த தப்பு, மேலே வரும்போதும் நெஞ்சில் சாய்ந்துகொண்டே இருப்பது. கட்டிலில் வைத்து அமுக்குவது வீணான வேலை, மெத்தைதான் அமுங்கும். பழகும் உடுப்பையும் கவனியுங்கள். ஜீன்ஸில் பழகிய பெண் காவடியன்று புடவையில் இருப்பாள், வேட்டி கட்டியவர் மண்டியிட்டதும் வேட்டி முழங்காலுக்கடியில் மாட்டி முன்னால் இழுக்கும். அதனால் எல்லாரையும் அன்று உடுத்தப்போகும் உடையிலேயே வரச் சொன்னோம். ஒரு ஆன்ட்டி கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். வெறுங்காலோடு சூடான தாரில் மண்டியிட முடியாது, துண்டை மடித்துப் போடவும் பழக வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் உயிர் போகிறது. ஆளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது சாதாரண மூச்சாக இல்லை என்றால் தொடங்கிவிட வேண்டும். நாடி தேட வேண்டாம், பழகாதவர்கள் தங்கள் விரல் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். இதயம் நின்றவுடன் சிலருக்கு நீண்ட இடைவெளி விட்டு ஒரு இழுப்பு வரும், கரையில் போட்ட மீன் வாய் திறப்பது மாதிரி. பார்ப்பவர்கள் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று காத்திருப்பார்கள். இதை ஸ்லைடில் எழுதிப் பிரயோஜனமில்லை. தரையில் படுத்து அந்த இழுப்பை நடித்துக் காட்ட வேண்டும். வெட்கப்படாமல் செய்யுங்கள், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிறகு காவடிக்கே உரியவை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைச் சேர்த்து எழுதியிருக்க மாட்டார்கள். காவடி தூக்கியவர் விழுந்தால் முதல் வேலை காவடியைக் கழற்றுவது, கட்டு எங்கே அவிழும் என்பதைத் தொண்டர் முன்னாலேயே தெரிந்துவைத்திருக்க வேண்டும். உடம்பில் குத்தியிருக்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது என்பது பொதுவிதி. கன்னத்திலோ நாக்கிலோ குத்திய வேல் மூச்சுப்பாதையை அடைத்தால் மட்டும் அதை எடுக்கலாம், அலகு குத்திவிட்டவரே பக்கத்தில் இருந்தால் அவரே எடுப்பது நல்லது. அதுவரை வாயில் மூச்சு கொடுக்காமல் நெஞ்சை மட்டும் அமுக்குங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி இருந்தால் ஒட்டும் தகடு ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. பாலும் மஞ்சள் நீரும் சந்தனமும் விபூதியுமாக இருக்கும் நெஞ்சில் அது ஒட்டாது. பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, காய்ந்த துண்டால் துடைத்துவிட்டு ஒட்டச் சொன்னேன். முதல் குழு துடைக்க மறந்தது, தகடு வழுக்கி விலாவுக்குப் போனது, மற்ற ஐந்து குழுவும் அதைப் பார்த்தன. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாலிக்கொடியை வெட்ட வேண்டாம், ஒதுக்கினால் போதும். நெஞ்சில் தொங்கும் வேல், கொக்கி எதன் மேலும் தகடு படக்கூடாது.

அருள் வந்தவரையும் ஆபத்தில் இருப்பவரையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விக்கு நான் தயாராகவே இல்லை, முதல் வகுப்பில் மழுப்பிவிட்டேன். "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்ற தொனியில் பேசினால் மண்டபம் கதவைச் சாத்திக்கொள்ளும், அந்தத் தொண்டர்களும் காவடி எடுப்பவர்கள்தான். அருள் வந்தவர் பெரும்பாலும் நிற்பார், பாட்டுக்கும் மேளத்துக்கும் அசைவார், பெயர் சொல்லி அழைத்தால், விபூதி இட்டால் ஏதோ ஒரு பதில் இருக்கும். வலிப்பு என்றால் விறைத்து விழுவார், கைகால் ஒரே சீராக வெட்டும், உதடு நீலமாகலாம், அழைத்தால் எதுவும் எட்டாது, முடிந்ததும் மயக்கம் போல் கிடப்பார். வாயில் எதுவும் வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். தலைக்குக் கீழே துணி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், நேரம் பாருங்கள். 5 நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். வெயில் தாக்கு இன்னும் ஏமாற்றும். தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு, தொட்டால் கொதிக்கும் உடம்பு. உட்சூடு 40 பாகையைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டது என்று பொருள். வண்டிக்காகக் காத்திருக்காமல் நிழலுக்கு இழுத்து, தண்ணீர் ஊற்றி, விசிறி, கழுத்து அக்குள் தொடை இடுக்கில் பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். குழம்பியிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், வியர்வை, நடுக்கம், சிடுசிடுப்பு. விழுங்க முடிந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். கூல்டிரிங் கொடுத்தால் போதும் என்று சொல்லிவந்தேன், ஒருவர் திருத்தினார். 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்தபின் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்து இனிப்பூட்டி சேர்த்துவிட்டார்கள், லேபிளைப் பார்க்காமல் நம்ப முடியாது. அன்று முதல் சர்க்கரைப் பொட்டலம்தான்.

போன் செய்வதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். 10177, கைப்பேசியில் இருந்து 112. முதல் வகுப்பில் இது ஒரு ஸ்லைடு. இரண்டாவதில் ஒருவர் ஆம்புலன்ஸ் அலுவலராக எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். "எங்கே?" "கோயில்ல." "எந்தக் கோயில்?" அங்கேயே தடுமாறினார்கள். சாட்ஸ்வொர்த்தில் பல சாலைகளுக்கு எண்தான், சாலை எண்ணும், எந்த யூனிட் (சாட்ஸ்வொர்த்தின் உட்பகுதி) என்பதும் தெரியாமல் வண்டி வராது. காவடியன்று மூடியிருக்கும் சாலை எது, வண்டி எந்த வாசலால் நுழையும், அங்கே யார் கை காட்ட நிற்பார் என்று அட்டையில் எழுதி ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டினோம். மின்வெட்டு நீண்டால் கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்து சிக்னல் போய்விடும், அதனால் வேறு வேறு நெட்வொர்க் வைத்திருக்கும் இரண்டு பேரைப் போனுக்கென்று ஒதுக்கினோம்.

தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிஷம் என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள், செய்வது 2 நிமிஷம். ஒரு இளைஞனின் காலைக் குழாயடியில் வைத்து, கைப்பேசியில் 20 நிமிஷம் ஓடவிட்டு, மற்றவர்களை அடுத்த பயிற்சிக்கு அனுப்பினேன். அவன் நடுவில் நான்கு முறை "முடிஞ்சுதா?" என்று கத்தினான். பூமிதிப்பில் சுட்டுக்கொண்ட காலுக்கு எவ்வளவு நேரம் என்று இனி அவனைக் கேட்டால் போதும். பற்பசை, மஞ்சள், வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். தண்ணீரில் குளிர்ந்தபின், சமையலறையில் உணவை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் (கிளிங் ஃபிலிம்) தளர்வாக வைத்து மூடலாம்.

பெரியவர்களைத் திருத்துவது தனிக் கலை. அறுபது வயதுக் குழுத் தலைவரின் முழங்கை மடிகிறது, சுற்றிலும் பேரப்பிள்ளைகள் வயதில் தொண்டர்கள். "தப்பு" என்று சொன்னால் அடுத்த வருஷம் மண்டபம் கிடைக்காது. "ஐயா, கை எங்கே வலிக்குது?" என்று கேட்டேன். "புஜத்துல." "தோளைக் கொஞ்சம் முன்னால கொண்டுவந்து பாருங்களேன்." அவரே சரிசெய்துகொண்டார். ஒரு ஆளுக்கு ஒரு சுற்றில் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள், மூன்று சொன்னால் மூன்றும் போய்விடும். "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் நம் கூட்டத்தில் பதில் வராது. "இப்போ இவர் வாந்தி எடுத்துட்டார், என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

இரண்டாவது வகுப்பில் ஸ்லைடு ஐந்துதான், ஒவ்வொன்றிலும் ஒரு படம் மட்டும். மின்சாரம் இருந்தது, ஆனாலும் மூன்றாவது படத்துக்கு மேல் நான் போடவில்லை.

கையில் வந்த பழக்கம் மூன்று முதல் ஆறு மாதத்தில் நழுவத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரு பெரிய வகுப்பு வைப்பதைவிடப் இங்கே புனித வெள்ளி விடுமுறையில் நடக்கும் பூமிதிப்பு, சித்திராப் பௌர்ணமிக் காவடி, ஆடிக் கூழ் என்று ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் கால் மணி நேரம் போதும். ஆளுக்கு 2 நிமிஷம் பாட்டிலை அமுக்கிவிட்டுப் போகலாம். கோயில் பொருளறையில் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம்: ஆறு பாட்டில், ஆறு டி-ஷர்ட், பன்னிரண்டு துண்டு, கையுறை, வாய்க்கவசம், சர்க்கரைப் பொட்டலம், காய்ந்த துணி, சாலை எண் எழுதிய அட்டைகள். சாவி அலுவலகத்தில் இல்லை, மேளக்காரரிடம் இருக்கிறது. எந்தத் திருவிழாவுக்கும் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுபவர் அவர்தான்.